கண்டக்டரின் குரலைப் பிடித்த ஆன்டிவைரஸ்

வீட்டுக் கம்ப்யூட்டர் சரிபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். சேர்ந்த சூட்டோடு உங்களிடம் ஒரு கேள்வி வரும். "காசு கொடுக்காமல் போடுகிற ஆன்டிவைரஸில் எது நல்லது?" கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்பார்கள். என் பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல?

நான் மதுரையில் இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள். பொம்பளைப் பிள்ளை ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறதே என்று வேடிக்கை பார்த்த வீடுகளே பின்னாளில் "அந்த அக்காவையே வரச் சொல்லுங்க" என்று கடைக்குப் போன் போட்டன. எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஆனால் திருப்பரங்குன்றத்தில் ஒரு வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான் அந்தக் கேள்வி என் காதில் வேறு மாதிரி விழ ஆரம்பித்தது. அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. அதனால்தான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

காலையில் கடையைத் திறந்ததும் ஒரு பெண் போனில் அழைத்தாள்.

"யக்கா, எங்கப்பாவுக்குப் பேச்சு போயிருச்சு. கொஞ்சம் வர முடியுமா?"

"டாக்டரக் கூப்பிடும்மா. நான் கம்ப்யூட்டர் பாக்குறவ."

"தெரியும்க்கா. கம்ப்யூட்டர்லதான் போச்சு" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த நடுக்கம் விளங்கியது. "வாரேன்" என்று சொல்லிவிட்டு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து பூ வந்து இறங்கிக்கொண்டிருந்தது. போனில் பேசிய பெண் நந்தினி. அன்று சாயங்காலம் அவளுக்குத்தான் நிச்சயதார்த்தம். தலையில் பாதிப் பின்னலோடு ஓடிவந்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

முன்னறையில் சக்கர நாற்காலியில் அவளுடைய அப்பா தவமணி உட்கார்ந்திருந்தார். மாட்டுத்தாவணியிலிருந்து பேரையூர் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துக்கொண்டே வருகிற நோய். முதலில் கால், பிறகு கை, பிறகு நாக்கு. புத்திக்கு ஒரு குறையும் இல்லை. வலது கையில் ஒரே ஒரு விரல் மட்டும் அசையும். அந்த விரலுக்கு அடியில் ஒரு பெரிய பொத்தானைக் கட்டிவைத்திருந்தார்கள். எதிரில் கம்ப்யூட்டர்.

நோய் பேச்சுக்கு வரும் என்று, அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோதே டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அப்போது நந்தினி கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். "குரல் இருக்கும்போதே பேசி வையுங்கப்பா" என்று போனைக் கையில் கொடுத்தாள். அவரும் பேசி வைத்தார். வீட்டில் பேசினார், பஸ்ஸில் பேசினார், பேரையூரில் வண்டி நிற்கும் நேரத்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பேசினார். தண்ணி, சோறு, வலிக்குது, ஈஸ்வரி, கண்ணு, போதும், எப்ப வருவ என்று ஒவ்வொரு சொல்லாக. ஈஸ்வரி அவர் மனைவி. அந்தச் சொற்களையெல்லாம் சேர்த்து மகள் ஒரு புரோகிராம் எழுதினாள். திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்துகொண்டே போகும். வேண்டிய சொல் வரும்போது அவர் விரலை அழுத்தினால், அது அவருடைய சொந்தக் குரலில் ஒலிபெருக்கியில் கேட்கும். அந்த புரோகிராமுக்கு அவள் வைத்திருந்த பெயர் ‘அப்பா’.

இத்தனை வருடம் கேம்ஸும் கல்யாண வீடியோவும் நிறைந்த பெட்டிகளைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் தன் வாயைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வாய்தான் முந்தின நாள் மாலை காணாமல் போயிருந்தது. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து சபை கூடியதும், பெண்ணின் தகப்பனைப் பார்த்து "பொண்ணு குடுக்க சம்மதமா?" என்று கேட்பார்கள். அவர் வாயால் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். அதற்கென்றே அவர் ‘சம்மதம்’ என்ற சொல்லையும் அந்தக் காலத்திலேயே பேசி வைத்திருந்தார். "இது எதுக்குப்பா இப்ப?" என்று மகள் கேலி செய்தாளாம். அவர் சிரித்துக்கொண்டாராம்.

"திரும்ப எழுதிர முடியாதா?" என்று கேட்டேன்.

"புரோகிராம ஒரு நாள்ல எழுதிருவேன்க்கா. குரலுக்கு எங்க போவேன்? பதிஞ்ச போனு மழையில நனைஞ்சு செத்துப்போச்சு. குரலெல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள்ளதான் இருக்கு. கம்ப்யூட்டர்ல இருக்குதுல்ல, பத்திரமாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

பிறகு என்னை அடுக்களைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள். "எங்க மாமா நேத்து சீர்வரிசையோட வந்தாரு. கம்ப்யூட்டர்ல நான் போட்டிருந்த ஆன்டிவைரஸப் பாத்துட்டு, இதெல்லாம் பழசு, இன்னொன்னும் இருக்கட்டும்னு ஒரு புதுசு போட்டாரு. காவலுக்கு ரெண்டு பேரு இருந்தா நல்லதுதானேன்னாரு. போட்டதுமே சிவப்பா ஒரு பெட்டி வந்துச்சு. என்ன பேருன்னுகூடப் படிக்காம பச்சைப் பொத்தான அமுக்கினாரு. பாத்தியா, இம்புட்டு நாளா ஒரு வைரஸு உள்ள உக்காந்திருக்குன்னு பெருமையா வேற சொன்னாரு."

"நீ அப்ப எங்க இருந்த?"

"மருதாணி வச்சிட்டு இருந்தேன். அப்பா மட்டும்தான் மாமா பக்கத்துல இருந்தாரு."

அவர் கண் முன்னாலேயே அவருடைய பேச்சைப் பிடித்துக் கட்டி உள்ளே போடுகிறார்கள். ‘நிறுத்து’ என்று சொல்ல அவரால் முடியவில்லை. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கிறார். வெறும் பொத்தான் சத்தம்தான் வந்திருக்கிறது.

"மாமாட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா. இந்தக் கம்ப்யூட்டரே அவரு எனக்குச் சீராக் குடுத்ததுதான். சாயங்காலம் சபையில அவருதான் முன்னாடி நிக்கணும். தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு."

நம் ஊரில் தாய்மாமன் சீர் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மாமன் கொடுத்த பித்தளைக் குடம் ஒழுகினாலும் பரணில்தான் ஏறும், பழைய பாத்திரக் கடைக்குப் போகாது. மாமன் போட்ட ஆன்டிவைரஸுக்கும் அதே மரியாதைதான். சில வீடுகளில் மாமன் போட்டது, சித்தப்பா போட்டது, எதிர்வீட்டுப் பையன் போட்டது என்று எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டிக்குள் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும். ஒன்று மற்றதைத் திருடன் என்று நினைக்கும். வீட்டுக்காரர் பாவம், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று இன்னொன்றைக் கொண்டுவந்து போடுவார்.

இந்தப் புதியது ஏன் ‘அப்பா’வைப் பிடித்தது என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. தவமணியின் ஒரே ஒரு பொத்தானுக்காக அந்த புரோகிராம் எந்நேரமும் விசைகளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகவே எழுந்து உட்கார வேண்டும். யார் எழுதியது என்ற முத்திரையும் அதில் கிடையாது. கடவுச்சொல் திருடுகிற வைரஸும் அச்சு அசலாக இதையேதான் செய்யும். நந்தினி தன் பழைய ஆன்டிவைரஸிடம், இது நம்ம வீட்டு ஆள், விட்டுவிடு என்று சொல்லி வைத்திருந்தாள். புதிதாக வந்தவனுக்கு இந்த வீட்டில் யாரைத் தெரியும்? சந்தேகப்பட்டான், பிடித்தான்.

நான் போவதற்கு முன்னால் ஒரு கடைக்காரரிடம் போனில் கேட்டிருக்கிறார்கள். "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்றிருக்கிறார். நம் தொழிலில் இந்த ஒரு வாக்கியத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டே குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. நந்தினி காலையில் தானாகவே ‘அப்பா’வை விடுவித்தும் பார்த்திருக்கிறாள். வெளியே வந்த மறு கணமே ஆன்டிவைரஸ் அதைத் திரும்பப் பிடித்து உள்ளே போட்டுவிட்டது. அவள் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். இன்னும் ஒரு முறை பார்ப்போம், இன்னும் ஒரு முறை என்று தட்டிக்கொண்டிருக்காமல் அவள் கையை எடுத்தாளே, அதற்காகவே அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்.

நான் முதலில் இணைய இணைப்பைப் பிடுங்கினேன். பிறகு அந்தப் புதிய ஆன்டிவைரஸைத் திறந்து, பிடித்ததையெல்லாம் எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தேன். சந்தேகப்பட்டதை அழிக்காமல் பூட்டி வைப்பதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு சிறை உண்டு. அந்தச் சிறையில் ஒரே ஒரு கைதி இருந்தார். ‘அப்பா. கடும் அபாயம்’ என்று போட்டிருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழியவில்லை, உள்ளே இருக்கிறது. ஆனால் இன்னும் சில நாள் கழித்துத் தானாகவே அழித்துவிடுவேன் என்றும் அதன் கீழேயே எழுதியிருந்தது.

எனக்குப் பின்னால் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மாமன் செந்தில். பட்டுச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக நின்றார்.

"மேடம், இது நேத்து நான் போட்டதுல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் திரையில் இருந்த பெயரைப் படித்துவிட்டார். அந்த முகம் மாறிய விதத்தை என்னால் சொல்ல முடியாது. "ஐயோ மச்சான்" என்று நாற்காலியைப் பார்த்தார். அடுத்த நொடி என் கையிலிருந்த மவுஸைப் பறித்தார்.

"இந்தா, இப்பவே இந்தச் சனியனைத் தூக்கி எறியிறேன்."

அம்பு நேராக ‘நீக்கு’ என்ற சொல்லின் மேல் போய் நின்றது. எனக்கு யோசிக்க நேரமில்லை. மவுஸின் வயரைப் பிடித்து ஒரே இழுவையாகக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினேன். அவர் வெறும் மவுஸை அமுக்கிக்கொண்டு நின்றார்.

பிள்ளைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஆன்டிவைரஸ்கள் வீட்டை விட்டுப் போகும்போது சிறையையும் இடித்துவிட்டுத்தான் போகும். உள்ளே இருப்பது அதோடு போய்விடும். அந்த அறையில் அன்று இருந்த ஒவ்வொருவரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். அந்த நல்ல மனசில் அவர் ஒரே ஒரு முறை அமுக்கியிருந்தால் போதும், தவமணியின் குரல் இந்த உலகத்தில் எங்குமே இருந்திருக்காது.

சத்தம் கேட்டு ஈஸ்வரி ஓடிவந்தார். செந்தில் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். "என்னடா செஞ்ச?" என்று ஈஸ்வரி கேட்டதும், வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு வார்த்தை கூடினால் நிச்சயதார்த்தம் நிற்கும்போல இருந்தது.

நான் செந்திலைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். "அண்ணே, நீங்க போட்டது நல்ல சாமான். வேற ஏதாவதா இருந்தா நேத்தே அழிச்சுத் தள்ளியிருக்கும். இது ஒரு துளி சிந்தாம பூட்டிப் பத்திரமா வச்சிருக்கு. சாவி என்கிட்ட இருக்கு. ஆளுக்கு ஒரு வேலையப் பாருங்க."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. யார் செய்தது என்று கண்டுபிடிப்பதற்கு நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. ஈஸ்வரி தம்பியின் தோளைத் தொட்டு, "போயி மூஞ்சியக் கழுவுடா" என்றார். வாசலில் இருந்த தலைகள் கலைந்தன.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் அந்த வீட்டாருக்குப் பிடிக்கவே இல்லை. கம்ப்யூட்டரை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, என் லேப்டாப்பில் இணைத்து, முழு டிஸ்க்கையும் இருந்தது இருந்தபடியே நகல் எடுக்க ஆரம்பித்தேன். பூட்டு, சிறை, கைதி எல்லாவற்றோடும். விடுவிக்கும்போது ஏதாவது பிசகினாலும் நமக்கு இன்னொரு தடவை கிடைக்க வேண்டும் இல்லையா? ஆனால் நகல் எடுப்பது ஆமை மாதிரி நகரும் வேலை. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. அடுக்களையில் கேசரி கிண்டி முடித்தார்கள். பூவைத் தொடுத்து முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறிவிட்டதாகப் பேரையூரிலிருந்து போன் வந்தது. அப்புறம் திருமங்கலம் தாண்டிவிட்டதாக.

"யக்கா, சாவி இருக்குன்னீங்களே, சட்டுன்னு தொறந்து விட்டா ஆகாதா?" என்று ஈஸ்வரி வந்து வந்து கேட்டார். என் கையும் துறுதுறுத்தது. ‘ஆகட்டும், விடுவித்துப் பார்த்துவிடலாம்’ என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த நேரத்தில் எனக்குத் துணையாக இருந்தவர் முத்தையா. தவமணியின் பஸ்ஸை ஓட்டியவர். இப்போதும் அதே தடத்தில்தான் ஓட்டுகிறார். விசேஷத்துக்காக லீவு போட்டுவிட்டு வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நண்பருடைய உதட்டோரத்தை அவ்வப்போது துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவன் குரலு இருக்கே மேடம், திருமங்கலத்துல கத்தினா கப்பலூர்ல ஆளு எந்திரிச்சு நிக்கும். டிக்கெட்டப் பத்தி ஒருத்தன்கூட எதுத்துப் பேச மாட்டான். இவன் ரெண்டு விசில் அடிக்காம நான் வண்டிய எடுத்ததே கெடையாது. இப்ப புதுப் பய வந்திருக்கான். அவனும் ரெண்டு விசில்தான் அடிக்கிறான். ஆனா என் காலு நகர மாட்டேங்குது. ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டுத்தான் எடுக்கேன்."

தவமணியின் கண்கள் சிரித்தன. பிறகு அந்தக் கண்கள் என்னிடம் வந்து நின்றன. ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பார் என்று நந்தினி சொல்லியிருந்தாள். அவர் ஏதோ சொல்ல விரும்பினார். "பசிக்குதா? தண்ணி வேணுமா? படுக்கணுமா?" என்று நானும் முத்தையாவும் மாறி மாறிக் கேட்டோம். கண்கள் மூடவே இல்லை.

பச்சைக் கோடு ஒருவழியாக மறுகரையைத் தொட்டது. டிஸ்க்கைத் திரும்பப் பூட்டினேன். பழைய ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரத்துக்கு உறங்க வைத்தேன். புதியவனிடம், ‘அப்பா’ என்பவர் நம்ம ஆள், எங்கே பார்த்தாலும் தொடாதே என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் விடுவித்தேன். இந்த வரிசை முக்கியம். நந்தினி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நகம் சட்டையைத் தாண்டிப் பதிந்தது.

கோப்பு வெளியே வந்தது. யாரும் பிடிக்கவில்லை. முதல் வேலையாக அதை இரண்டு பென்டிரைவில் எடுத்து ஒன்றை நந்தினியிடமும் இன்னொன்றை முத்தையாவிடமும் கொடுத்தேன். அப்போதுதான் அதன் அளவைக் கவனித்தேன். ஒரு கல்யாண வீடியோவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போய்விடும், அவ்வளவு சிறியது. ஒரு மனிதர் தன் மிச்ச வாழ்நாளுக்கெல்லாம் பேசப்போகிற பேச்சு முழுவதும் அதற்குள் இருந்தது.

நந்தினி ‘அப்பா’வைத் திறந்தாள். சொற்கள் ஒளிர்ந்து நகர ஆரம்பித்தன. சம்மதம் என்பதைச் சொல்லிப் பார்ப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் விரல் அழுத்தியது.

"முதுகு" என்றது ஒலிபெருக்கி. கணீரென்ற குரல், முத்தையா சொன்ன அதே குரல். ஒளி இன்னொரு சுற்று நகர்ந்தது. "அரிக்குது."

முந்தின நாள் மாலையிலிருந்து அந்த மனிதருக்கு முதுகு அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் சோற்றைக் கேட்டோம், தண்ணீரைக் கேட்டோம், யாருக்கும் முதுகைக் கேட்கத் தோன்றவில்லை. ஈஸ்வரி அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே அழுது, சட்டைக்குள் கையை விட்டு முதுகைச் சொறிந்துவிட்டார். தவமணி கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் எந்தச் சாமி சன்னிதியிலும் பார்த்ததில்லை.

பிறகு நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் ஆன்டிவைரஸைப் பற்றி எல்லாரும் முடிவு எடுத்திருந்தார்கள். மகள் ஒன்று, மாமன் ஒன்று. யாருடைய வாயோ அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"அண்ணே, இது உங்க வாய். நீங்கதான் சொல்லணும். இப்ப ரெண்டு காவல்காரங்க இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே வாசல்ல நிக்க முடியாது, அடிச்சுக்குவாங்க. பழசுக்கு உங்களத் தெரியும். அடிக்கடி கேள்வி கேக்காது, நடுவுல விளம்பரம் காட்டித் திரையை மறைக்காது. புதுசு கொஞ்சம் விறைப்பு, ஆனா பூட்டி வைக்கத் தெரிஞ்சவன். காசு ரெண்டுக்கும் கெடையாது. எது இருக்கட்டும்?"

செந்தில் கதவோரத்தில் நின்றார். தவமணி அவரைப் பார்த்தார். விரல் அழுத்தியது. "மாப்ள." ஒளி நகர்ந்தது. "நல்லவன்." இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. "ஒன்னு." "போதும்."

செந்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, தானே உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்லத் தன்னுடையதை நீக்கினார். மாமன் கொண்டுவந்ததை மாமனே எடுத்துக்கொண்டார். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. வாசலில் வேன் சத்தம் கேட்டது.

நான் கிளம்பப் பார்த்தேன். ஈஸ்வரி விடவில்லை. சபையில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். வெற்றிலைத் தட்டுகள், பழத் தட்டுகள், மாமன் சீர், எல்லாம் வரிசையாக வந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன சம்மந்தி, உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் குடுக்க முழு சம்மதந்தானே?"

தவமணியின் கண்கள் திரைக்குப் போயின. ஒளி நகர்ந்தது. நான் அந்த ஒளியோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அது ‘சம்மதம்’ என்ற சொல்லுக்கு வந்தது. அவர் அழுத்தவில்லை. ஒளி தாண்டிப் போனது. விரல் ஓய்ந்துவிட்டதா? பொத்தான் நழுவிவிட்டதா? நந்தினி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"கண்ணு" என்றது குரல்.

சபையில் முணுமுணுப்பு அடங்கியது.

"உனக்கு."

அடுத்த சொல்லுக்கு நெடுநேரம் ஆனது. அது எப்போதோ ஓடும் பஸ்ஸில் பதிந்த சொல்லாக இருக்க வேண்டும். அதன் அடியில் இன்ஜின் உறுமலும் எங்கேயோ ஒரு ஹாரனும் கேட்டன.

"புடிச்சிருக்கா?"

இப்படி ஒரு வாக்கியத்தை அவர் பேசி வைக்கவே இல்லை. மூன்று சொற்களும் மூன்று வேறு நாட்களில், மூன்று வேறு காரியத்துக்காகச் சொன்னவை. அவற்றைச் சபை நடுவில், ஒரே ஒரு விரலால், அவர் பொறுக்கிச் சேர்த்திருந்தார். அத்தனை பெரியவர்கள் கூடியிருந்த அந்த இடத்தில் அதுவரை நந்தினியிடம் யாரும் கேட்காத கேள்வி அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

நந்தினி அப்பாவின் முகத்தைப் பார்த்து, "புடிச்சிருக்குப்பா" என்றாள்.

ஒளி சுற்றி வந்தது. அந்தச் சொல் வந்ததும் இந்த முறை விரல் தயங்கவில்லை.

"சம்மதம்."

செந்தில் தட்டை எடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா எதிர்த் தட்டை எடுத்தார். தட்டு கைமாறும்போது பெண்கள் குலவையிட்டார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்த இடைவெளியில் ஒலிபெருக்கி இன்னொரு முறை ஒலித்தது. அதில் சொல் எதுவும் இல்லை. இரண்டு நீள விசில்.

என் எதிர்வரிசையில் முத்தையா சம்மணம் விட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய வலது கால் மட்டும் தானாக முன்னே போய், தரையை மெதுவாக மிதித்தது.